காலிக் கூடத்தில் ஆறு பேர் முட்டிக்கொள்ளாமல் நடப்பது எப்படி?

2015 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ‘ஜீரோ லேட்டன்சி’ என்ற நிறுவனம் தன் முதல் விளையாட்டுக் கூடத்தைத் திறந்தது. ஏறக்குறைய 400 சதுர மீட்டர் பரப்பு. உள்ளே மேசை, நாற்காலி, தடுப்பு எதுவும் கிடையாது. மேலே மட்டும் 129 கேமராக்கள். அவை ராணுவ ஆய்வகத்திலிருந்து வந்தவை அல்ல. சோனி தன் பிளேஸ்டேஷனுக்காக 2007-இல் விற்கத் தொடங்கிய மலிவான கேமராக்கள். அந்தக் கூடத்தில் ஒரே சமயத்தில் ஆறு பேர், முதுகில் கணினியும் கண்ணை மூடும் திரைக்கருவியான ஹெட்செட்டும் கையில் பொம்மைத் துப்பாக்கியுமாக, இல்லாத நடைப்பிணங்களைச் சுட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

வீட்டில் உட்கார்ந்து ஆடும் வி.ஆர். (மெய்நிகர் உலக) விளையாட்டில் கட்டைவிரலால் ஒரு குச்சியைத் தள்ளினால் உலகம் நகரும். ‘ஃப்ரீ ரோம்’ எனப்படும் இந்த வகையில் குச்சி கிடையாது. முன்னே போக வேண்டுமானால் காலால் நடக்க வேண்டும். குனிய வேண்டுமானால் நிஜமாகவே குனிய வேண்டும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இது நல்ல வேடிக்கை. சமதளத் தரையில் ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு, கயிற்றில் நடப்பவரைப் போல அடிமேல் அடி வைப்பார். அவருக்குக் காலடியில் நாற்பது மாடி ஆழம் தெரிகிறது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படத்தின் துல்லியத்தைத்தான் புகழ்கிறார்கள். என் கணக்கில் படம் இரண்டாம்பட்சம். பத்து வருடங்களுக்கு முந்தைய சொரசொரப்பான படத்திலேயே மனிதர்கள் பயந்து அலறியிருக்கிறார்கள். முதல் வேலை வேறு: ஆறு தலைகள் இந்த நொடியில் கூடத்தின் எந்தப் புள்ளியில், எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கின்றன என்று சென்டிமீட்டருக்கும் குறைவான பிழையில், இடைவிடாமல் அறிவது. 1968-இல் ஹார்வர்டில் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் காட்சிக் கருவியை முதன்முதலில் செய்து காட்டியபோதே இந்தச் சிக்கல் தொடங்கிவிட்டது. அவர் காட்டிய படம் வெறும் கோடுகளாலான கனசதுரம். தலையின் அசைவை அளக்கவோ கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கையையே தொங்கவிட வேண்டியிருந்தது.

அளப்பதில் ஏன் இவ்வளவு அவசரம்? காதுதான் காரணம். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதை உணர்கின்றன. அவற்றின் அருகே நுண்ணிய கால்சியம் படிகங்கள் பதிந்த இரு பைகள், தலை முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்வதை உணர்கின்றன. தலை திரும்பிய சுமார் 10 மில்லி விநாடியில் கண் எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்சியை நிலைநிறுத்திக்கொள்கிறது. நாம் நடந்துகொண்டே கடைப் பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். ஹெட்செட்டுக்குள் நீங்கள் தலையைத் திருப்ப, படம் ஒரு கணம் பிந்தித் திரும்பினால், காது ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. மூளைக்கு அது பிடிப்பதில்லை. குமட்டல் தொடங்கும்.

அசைவு நடந்ததிலிருந்து அதற்கேற்ற ஒளி கண்ணை எட்டும்வரை 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது இத்துறையில் பழகிப்போன வரம்பு. நொடிக்கு 90 படங்கள் காட்டும் திரையில் ஒரு படத்துக்கே 11 மில்லி விநாடி போய்விடுகிறது. ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். படத்தை வரைந்து முடித்த பிறகு, திரைக்கு அனுப்பும் கடைசித் தறுவாயில் தலையின் நிலையை மீண்டும் ஒருமுறை அளந்து, வரைந்த படத்தையே சற்று நகர்த்திச் சாய்த்து அனுப்பிவிடுகிறார்கள். புதிதாக வரைய நேரமில்லை, நகர்த்த நேரமிருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு படமும் இப்படிக் கடைசி நேரத்தில் திருத்தப்பட்டதுதான்.

சொந்தக் காலில் நடப்பதற்கு ஓர் ஆதாயம் உண்டு. குச்சியைத் தள்ளி நகரும்போது கண்ணுக்கு ஓட்டம் தெரியும், காதுக்கு ஒன்றும் தெரியாது. கூடத்தில் நடக்கும்போது இரண்டும் ஒத்துப்போகின்றன. வீட்டு வி.ஆரில் பத்து நிமிடம் தாங்காதவர்கள் இங்கே அரை மணி நேரம் சாதாரணமாக ஆடிவிட்டு வெளியே வருவது இதனால்தான்.

இடத்தை அளக்கும் முறைக்கு வருவோம். மெல்பர்னில் ஒவ்வொரு ஹெட்செட்டின் மீதும் துப்பாக்கியின் மீதும் ஒளிரும் உருண்டைகளைப் பொருத்தியிருந்தார்கள். இடம் தெரிந்த இரண்டு கேமராக்கள் ஓர் உருண்டையை வெவ்வேறு கோணங்களில் பார்த்தால், பார்வைக் கோடுகள் வெட்டும் புள்ளியே உருண்டை இருக்கும் இடம். பள்ளி வடிவியல்தான். அதற்கு இரண்டு கேமரா போதுமே, 129 எதற்கு? உடன் ஆடுபவர்கள் கண்ணாடியால் ஆனவர்கள் இல்லையே. ஒருவர் இன்னொருவரை மறைப்பார். நால்வர் ஒரு மூலையில் கூடி நிற்பார்கள். எந்த நெரிசலிலும் குறைந்தது இரண்டு கேமராவாவது ஒவ்வோர் உருண்டையையும் பார்த்தாக வேண்டும்.

இப்போது பெரும்பாலான கூடங்களில் கூரைக் கேமராக்கள் இல்லை. கேமராக்கள் ஹெட்செட்டுக்கே இடம்பெயர்ந்துவிட்டன; முதுகுக் கணினியும் போய், படம் வைஃபையில் வருகிறது அல்லது ஹெட்செட்டிலேயே உருவாகிறது. ஹெட்செட்டுக்குள் இரண்டு விதமான அளவுகோல்கள் சேர்ந்து உழைக்கின்றன. ஒன்று, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் அடங்கிய சிறு சில்லு. நொடிக்கு ஆயிரம் முறைகூட அளக்கும். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி வழி கண்டுபிடிப்பவரைப் போன்றது. எண்ணிக்கையில் விழும் சிறு பிசகு கூடிக்கொண்டே போகும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முடுக்கத்தில் நொடி வர்க்கத்துக்கு 0.01 மீட்டர் மட்டும் நிலையான பிழை இருந்தால், 10 விநாடியில் இடம் அரை மீட்டர் தவறும். ஒரு நிமிடத்தில் 18 மீட்டர்! ஆட்டக்காரர் தெருவில் நிற்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது அளவுகோலான கேமரா, வேகத்தில் சில்லுக்கு ஈடாகாது. ஆனால் அதற்குப் பார்வை உண்டு. சுவரின் மூலை, விளக்கின் விளிம்பு, தரையின் கோடு என நூற்றுக்கணக்கான புள்ளிகளை அடையாளம் வைத்துக்கொண்டு, அவை எப்படி இடம் மாறுகின்றன என்பதிலிருந்து தன் இடத்தைக் கணித்து, சில்லின் பிழையை அவ்வப்போது துடைத்துவிடும். அதனால்தான் வெள்ளைச் சுவர், நிலைக்கண்ணாடி, மங்கலான வெளிச்சம் மூன்றும் இந்தத் தொழிலுக்கு ஆகாது. சில கூடங்களில் சுவரிலும் தரையிலும் ஒழுங்கற்ற கட்டங்களும் கோணல் வடிவங்களும் வரைந்திருப்பார்கள். அது அலங்காரம் இல்லை, கேமராவுக்கான தீனி. ஒழுங்கற்று இருப்பதற்கும் காரணம் உண்டு: ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தால் எந்த மூலை எது என்று கருவி குழம்பிவிடும்.

தனியாள் என்றால் இத்துடன் முடிந்தது. குழுவாக ஆடும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. ஒவ்வொரு ஹெட்செட்டும் கூடத்தைத் தன் கணக்கில் வரைபடமாக்கிக்கொள்கிறது. ஆறு வரைபடங்களும் ஒரே புள்ளியில் தொடங்கி, ஒரே திசையைப் பார்க்க வேண்டும். உங்கள் வரைபடமும் நண்பருடைய வரைபடமும் வெறும் 2 பாகை கோணத்தில் மாறுபட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தூரத்தில் அது 35 சென்டிமீட்டர் பிழையாகும். நண்பரின் உருவத்துக்குப் பக்கத்தில் நிறைய இடமிருக்கிறது என்று நம்பிப் போவீர்கள். அவருடைய நிஜத் தோளில் இடிப்பீர்கள். தனியாளின் வரைபடம் நழுவினால் குமட்டல், குழுவின் வரைபடம் நழுவினால் மண்டையில் புடைப்பு.

வலைத் தாமதமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. உங்கள் தலையின் இடம் உங்கள் ஹெட்செட்டுக்கு உடனே தெரியும். நண்பரின் இடமோ வைஃபை வழியாகச் சர்வருக்குப் போய் உங்களிடம் வர வேண்டும். 100 மில்லி விநாடி தாமதமானால், நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடக்கும் நண்பர் அதற்குள் 12 சென்டிமீட்டர் தாண்டியிருப்பார். மென்பொருள் அவருடைய வேகத்தை வைத்து ‘இப்போது இங்கே இருப்பார்’ என்று முன்கூட்டியே ஊகித்து வரைகிறது. நடப்பவருக்கு இந்த ஊகம் பலிக்கும். திடீரென்று ஓடித் திடீரென்று நிற்பவருக்குப் பலிக்காது. ‘ஓடாதீர்கள்’ என்று ஊழியர் தொடக்கத்திலேயே எச்சரிப்பது வழுக்கி விழாமல் இருப்பதற்காக மட்டுமில்லை. இருவர் மிக நெருங்கிவிட்டால் கதை எப்படியிருந்தாலும் சரி, எச்சரிக்கை ஒலிக்கும். எதிரே இருப்பவர் பளிச்சென்று தெரிவார்.

நண்பரின் முழு உடலும் கருவிக்குத் தெரியாது என்பது வேடிக்கையான செய்தி. தெரிந்தது தலையும் இரண்டு கைகளும்தான். முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மூட்டுகள் எப்படி மடங்கக்கூடும் என்ற கணக்கிலிருந்து வந்த ஊகம். அதனால்தான் குந்தி உட்கார்ந்தவரின் கால் சில நேரம் தரைக்குள் புதைந்திருக்கும். ‘சாண்ட்பாக்ஸ் வி.ஆர்.’ போன்ற நிறுவனங்கள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தனியே அடையாளக் கருவிகளைக் கட்டிவிட்டு இந்த ஊகத்தைக் குறைக்கின்றன.

ஆனாலும் கவச உடை போட்ட ஆறு ஒரேமாதிரி உருவங்களுக்குள் ‘அவன்தான் இவன்’ என்று கொஞ்ச நேரத்தில் அடையாளம் கண்டுவிடுகிறோம். தலையைச் சாய்த்து நிற்கும் விதம், துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடிக்கும் சோம்பல், நடையின் துள்ளல் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இது புதுச் செய்தி இல்லை. 1973-இல் ஸ்வீடனின் குன்னார் யோஹான்சன், மூட்டுகளில் மட்டும் விளக்குப் புள்ளிகளைப் பொருத்தி இருட்டில் நடப்பவர்களைப் படமெடுத்தார். பார்த்தவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளிலேயே மனித நடை தெரிந்துவிட்டது. 1977-இல் அமெரிக்காவில் கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர், அத்தகைய புள்ளிகளை வைத்தே மனிதர்கள் தங்கள் நண்பர்களை ஓரளவு அடையாளம் காண்கிறார்கள் என்று காட்டினார்கள். குழு விளையாட்டு உயிரோடு இருப்பதற்கு இந்தப் பழைய திறமை கூடத்தின் விலையுயர்ந்த கருவிகளைவிட அதிகமாக உதவுகிறது என்பேன்.

கூடம் சிறிது, கதையோ ஒரு நகரம். இதை எப்படிச் சமாளிப்பது? மனிதனுக்குத் திசை உணர்வு அவ்வளவு கறார் இல்லை என்பது கைகொடுக்கிறது. கண்ணைக் கட்டி நேராக நடக்கச் சொன்னால் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில்கூடச் சுற்றுவோம் என்று 2009-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். 2001-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஷரீஃப் ரஸாக்கும் உடன் ஆய்ந்தவர்களும் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தினார்கள். ஹெட்செட்டில் தெரியும் உலகத்தை மெல்ல மெல்லத் திருப்பினால், நேராகப் போவதாக நினைத்தே நாம் வளைந்து நடப்போம். எவ்வளவு ஏமாற்றலாம் என்பதையும் 2010-இல் ஃபிராங்க் ஸ்டைனிக்கே குழு அளந்தது. காட்சியில் தெரியும் திருப்பத்தைவிட உடலை 49 சதவீதம் அதிகமாகவோ 20 சதவீதம் குறைவாகவோ திருப்பவைத்தாலும் தெரிவதில்லை. நேர்கோடு என்று நம்பவைத்துக்கொண்டே 22 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நடத்திவிடலாம்.

கணக்குத் தெரிந்தவர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். 22 மீட்டர் ஆரம் என்றால் 44 மீட்டர் அகலக் கூடம் வேண்டும்; மெல்பர்ன் கூடம் அதில் பாதிகூட இருந்திருக்காது. அதோடு ஆறு பேரை ஆறு விதமாக வளைத்தால், படத்தில் உங்கள் இடப்பக்கம் நிற்கும் நண்பர் நிஜத்தில் வலப்பக்கம் இருப்பார். மேலே பாடுபட்டு ஒன்றாக்கிய ஆறு வரைபடங்களும் மறுபடி பிரிந்துவிடும்.

இன்னொரு வழி, அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. நடைபாதை வழியாக ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகிறீர்கள். இரண்டும் தரையில் பெரும்பகுதி ஒரே இடம்தான். சிறிய அறைகளானால் 56 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும் மனிதர்கள் கண்டுபிடிப்பதில்லை என்று 2012-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. இதிலும் அதே தொல்லை. நீங்கள் முதல் அறையிலும் நண்பர் இரண்டாம் அறையிலும் இருந்தால், ஒருவரை ஒருவர் பார்க்காமலே நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொள்வீர்கள்.

ஆகவே விளையாட்டை வடிவமைப்பவர்கள் லிஃப்டை நாடுகிறார்கள். குழு விளையாட்டுகளில் எத்தனை லிஃப்ட், எத்தனை மிதக்கும் மேடை, எத்தனை ரயில் பெட்டி என்று கவனித்தால் தெரியும். எல்லோரும் அந்தச் சதுரத்துக்குள் வந்து நிற்கும்வரை கதவு மூடாது. மூடியதும் ஓர் உறுமல், மேலேறும் காட்சி. கதவு திறந்தால் புதிய மாடி. நிஜத்தில் யாரும் ஓர் அங்குலமும் நகரவில்லை; அதே தரைமேல் அடுத்த வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் சொல்லப்பட்ட பொய் என்பதால் யாரும் யாரோடும் மோதுவதில்லை. ‘சீக்கிரம் லிஃப்டுக்குள் வாருங்கள்’ என்று கதைமாந்தர் நச்சரிப்பது கதைக்காக என்பதைவிட வடிவியலுக்காக.

இதற்கு நேர்மாறான வழியும் இருந்தது. அமெரிக்காவின் ‘தி வாய்ட்’ நிறுவனம் படத்தில் சுவர் தெரியும் இடத்தில் நிஜச் சுவரையே வைத்தது. 2016-இல் நியூயார்க்கில் அதன் கூடம் திறந்தபோது, கதவைத் தொட்டால் கதவு இருந்தது. தொடுதலின் வலிமை முன்பே தெரிந்ததுதான். வட கரோலினாவில் படத்தில் ஆழ்குழியைக் காட்டி, அதன் விளிம்பாகத் தரையில் நாலு சென்டிமீட்டர்கூட உயரமில்லாத மரப்பலகையை வைத்தார்கள். பலகையின் ஓரம் பாதத்தில் பட்டதும் இதயத் துடிப்பு மேலும் எகிறியது. ஆனால் சுவர் எழுப்பிவிட்டால் அந்தச் சுவருக்கேற்ற கதையைத்தான் ஓட்ட முடியும். தி வாய்டின் கூடங்கள் 2020-இல் மூடப்பட்டன. கொரோனா ஊரடங்கு பெரிய காரணம் என்றாலும், காலிக் கூடத்துக்கு இருக்கும் மலிவு அதற்கு இல்லை என்பதும் உண்மை.

கேமராவை யாராவது கையால் மறைத்தாலோ வெளிச்சம் போனாலோ ஹெட்செட் தன் இடத்தைத் தொலைத்துவிடும். அப்போது படம் உறையும், ஊழியர் ஆட்டத்தை நிறுத்துவார். எரிச்சலில் ஹெட்செட்டைக் கழற்றி இடுப்பருகே பிடித்துக்கொண்டு நடக்கத் தோன்றும். அதை மட்டும் செய்யக் கூடாது. கருவிக்கு ஹெட்செட் இருக்கும் இடம்தான் உங்கள் தலை. மற்ற ஐவருக்கும் நீங்கள் இடுப்புயரக் குள்ளராகவோ, ஆட்டத்திலிருந்தே மறைந்தவராகவோ தெரிவீர்கள். உங்கள் நிஜத் தலை இருக்கும் இடம் அவர்கள் கண்ணுக்குக் காலியாகத் தெரியும், அந்தப் பக்கம் துப்பாக்கியைச் சுழற்ற யாரும் தயங்க மாட்டார்கள்.