பள்ளியில் உங்கள் பிள்ளையின் ஃபைலைப் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் கல்விச் சட்ட வழக்கறிஞராக இருப்பதால் நம் தமிழ்ப் பெற்றோர்கள் என்னிடம் இரண்டு குறைகளை அடிக்கடி சொல்வார்கள். "பையனைப் பற்றி ஸ்கூலில் என்னவோ எழுதி வைத்திருக்கிறார்கள், காட்ட மாட்டேன் என்கிறார்கள்" என்பது ஒன்று. "ஃபீஸ் கட்டுவது நான், மார்க்கை மட்டும் காலேஜ் என்னிடம் சொல்லாதாம்" என்பது இன்னொன்று. இரண்டுமே 1974இல் வந்த ஃபெர்பா (FERPA) என்ற, மாணவர் பதிவுகளை யார் பார்க்கலாம் என்று சொல்லும் மத்திய சட்டத்துக்குள் வருபவை.

பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, மத்திய அரசின் கல்வித் துறை நிதி பெறும் எந்தப் பள்ளியும் பெற்றோர் கேட்டால் பதிவுகளைக் காட்டியே ஆக வேண்டும், அதிகபட்சம் 45 நாட்களுக்குள். கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டப்படி ஐந்தே வேலை நாட்கள். ஆனால் நம்மவர்கள் பள்ளி அலுவலகத்தில் வாயால் கேட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்று சொன்னதை நம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து மின்னஞ்சலில் கேளுங்கள், என்றைக்குக் கேட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்புகள், சிறப்புக் கல்வி மதிப்பீடுகள், பள்ளி நர்ஸ் வைத்திருக்கும் பதிவு எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர் தன் ஞாபகத்துக்காக எழுதி, யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்பு மட்டும் இதில் வராது. நகல் எடுக்கக் கட்டணம் கேட்கலாம், தேடி எடுத்ததற்குக் கேட்கக் கூடாது.

விவாகரத்தான அப்பாவுக்கோ அம்மாவுக்கோ "குழந்தை உங்களிடம் இல்லையே" என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். நீதிமன்ற உத்தரவு தடுக்காதவரை இருவருக்கும் உரிமை ஒன்றுதான். இது தெரியாமல் வருடக்கணக்கில் ஒதுங்கியே இருந்துவிடுகிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம், மறுத்தால் விசாரணை கோரலாம், அதிலும் தோற்றால் உங்கள் தரப்பை எழுதி அந்தப் பதிவோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். ஆனால் பி கொடுத்ததை ஏ ஆக்க இந்த வழி உதவாது.

அப்புறம், பெயர், முகவரி, போன் நம்பர் போன்றவற்றை 'டைரக்டரி தகவல்' என்று அறிவித்துவிட்டு, உங்களைத் தனியாகக் கேட்காமலே பள்ளி வெளியே கொடுக்க முடியும். வேண்டாம் என்றால் பள்ளி சொல்லும் தேதிக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, காலேஜ் விஷயம். 18 வயது ஆனதும், அல்லது அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்தாலும், இந்த உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. யார் பணம் கட்டுகிறார்கள் என்பது கணக்கே இல்லை. வருமான வரியில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் கல்லூரி உங்களிடம் சொல்லலாம், சொல்லியே தீர வேண்டும் என்று இல்லை. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான அவசரம் என்றால் தகவல் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த மாற்றம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன், வயது வந்த பிள்ளையின் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்வதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்குப் பதிலாக, கல்லூரிக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து பேசி, எதைப் பகிரலாம் என்று பிள்ளையே முடிவு செய்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடட்டும்.

பள்ளி சட்டத்தை மீறினால் 180 நாட்களுக்குள் மத்திய கல்வித் துறையிடம் புகார் செய்யுங்கள். ஃபெர்பாவை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டதால், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.