தென்னையின் வட்டு சாயும் முன்னே செவ்வண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை கரையோர மணலில் தென்னை இல்லாத வளவு குறைவு. காய்க்கத் தொடங்கிய இளமரம் ஒன்றின் வட்டு, அதாவது ஓலைகள் கூடிய உச்சி, திடீரென ஒடிந்து சாய்ந்தால், "நேற்று வரைக்கும் நல்லாத்தானே நின்றது" என்பார்கள். செவ்வண்டின் புழுக்களோ பல வாரங்களாக உள்ளே தின்றுகொண்டிருந்திருக்கும்.

ஓலை ஏன் அதுவரை பச்சையாகவே இருக்கிறது? மாமரத்தில் நீரும் உணவும் ஓடும் பாதைகள் பட்டையை ஒட்டி வளையமாக இருக்கும். தென்னையில் அவை தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. புழு சிலவற்றை அறுத்தாலும் மற்றவை வட்டுக்கு நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, மாமரம் போலக் காயத்தை மூடி வளரும் படை தென்னைக்கு இல்லை. ஆணி அடித்த துளையும், ஏறுவதற்கு வெட்டிய படியும் அப்படியே கிடக்கும். புதுக் காயத்தின் வாசனைக்குத்தான் செவ்வண்டு வருகிறது. ஒரு பெண் வண்டு 200க்கு மேற்பட்ட முட்டைகளை இடும்; சில நாட்களில் அவை பொரித்து, காலில்லாத புழுக்கள் உள்ளே இறங்கிவிடும். முழுதாக வளர்ந்த புழு 5 சென்ரிமீற்றர் வரை இருக்கும்.

ஆகவே ஓலையை விட்டுத் தண்டைப் பாருங்கள். சிறு துளையிலிருந்து கபில நிறப் பிசின் வடிந்து காய்ந்திருக்கிறதா? துளை வாயில் மென்று துப்பிய நார்ச்சக்கை தெரிகிறதா? கிட்டப் போனால் புளித்த வாடை அடிக்கிறதா? சந்தேகமென்றால், சந்தடி அடங்கிய பிறகு தண்டில் காதை வைத்துக் கேளுங்கள். புழுக்கள் நிறைய இருந்தால் நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்கும்.

விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் 'வி' வடிவ வெட்டு இருந்தால் அது கருவண்டின் (காண்டாமிருக வண்டின்) வேலை. ஆனால் அது குருத்தில் போட்ட துளை செவ்வண்டுக்கு வாசலாகிவிடும். கருவண்டு பெருகுவது மாட்டெருக் குவியலிலும் உக்கிய தென்னங்குற்றியிலும். அவற்றை வளவில் தேங்க விடக்கூடாது. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால், தண்டோடு ஒட்ட வெட்டாமல் நான்கடி விட்டு வெட்டுங்கள்.

தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது அழுகிப்போன மரத்தை மீட்க முடியாது. தறித்தால் சும்மா போட்டுவிடாதீர்கள். பிளந்து, புழுக்களையும் கூடுகளையும் எரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை வண்டாகி அடுத்த வளவுக்குப் பறக்கும்.