டம்மி டக் பண்ணியும் வயிறு நினைச்ச மாதிரி வரலையா? மறுபடி ஆபரேஷன்னு முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

போன வருஷம் ஓபி முடியுற நேரத்துல ஒருத்தங்க வந்தாங்க, வயசு 40 ஒட்டி இருக்கும், ஸ்கூல் டீச்சர், அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விஷயங்கள மாத்திதான் எழுதுறேன். உள்ள வந்து உக்காந்ததும் கதவு சாத்தி இருக்கான்னு ஒரு தடவ திரும்பி பாத்துக்கிட்டாங்க. ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் தொங்கிப்போன வயிறு, சீட்டு போட்டு சேத்த பணத்துல 3 மாசம் முன்னாடி வேற ஊர்ல டம்மி டக் (தொங்குற வயித்துத் தோல வெட்டி எடுத்து இறுக்கி தைக்கிற ஆபரேஷன்) பண்ணிருக்காங்க, மாமியார்கிட்ட ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்காங்க. என்னம்மா பிரச்சனைன்னு கேட்டா பதில் வரல, கொசுவத்த கொஞ்சம் கீழ இறக்கி காட்டினாங்க. தழும்போட இடது ஓரத்துல இடுப்பு கிட்ட தோல் ஒரு காது மடல் மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது, தொப்புளுக்கு மேல உப்பலா இருக்கு, தழும்புக்கு மேல அடிவயித்துல கை வச்சா தளதளன்னு இருக்கு. "நானா ஆசைப்பட்டு பண்ணிக்கிட்டது டாக்டர், இப்ப சரியில்லன்னு யார்கிட்ட போய் சொல்றது"ன்னு கேட்டாங்க.

இந்த வார்த்தைய நான் வேற வேற ஆளுங்க வாயில நிறைய தடவ கேட்டுட்டேன். வேற எந்த ஆபரேஷன்லயாவது தையல் பிரிஞ்சா மறுநாளே டாக்டர்கிட்ட ஓடுறோம், இதுல மட்டும் "உனக்கு இது தேவையா"ன்னு வீட்டுல கேட்டுருவாங்களோன்னு பயந்து மாசக்கணக்கா புடவைக்குள்ள மறைச்சு வச்சுக்குறாங்க, அதுக்குள்ள சுலபமா சரி பண்ணிருக்கக்கூடிய விஷயம் முத்திப்போயிடுது. ஆசைப்பட்டு பண்ணிக்கிட்டா என்னங்க, உடம்பு உங்களோடது, சரியில்லன்னா போய் கேக்குற உரிமையும் உங்களோடதுதான்.

அவங்க வயித்துல ஒரு பக்கம் விரலால தட்டினா மறுபக்கம் அலை மாதிரி அடிச்சது. நீர் கோத்துருக்கு. ஸ்கேன்ல உறுதி பண்ணிட்டு ஊசி போட்டு உறிஞ்சினா வைக்கோல் கலர்ல 120 மில்லி வந்துச்சு. இதுக்கு செரோமான்னு பேரு, டம்மி டக்ல ரொம்ப சாதாரணமா வர்ற பிரச்சனை இதுதான். இந்த ஆபரேஷன்ல அடிவயித்துல இடுப்புல இருந்து இடுப்பு வரைக்கும் வெட்டி, தோலையும் கொழுப்பையும் தசைல இருந்து விலா எலும்பு வரைக்கும் பிரிச்சு தூக்கி, தளர்ந்த தசைய நடுவுல இழுத்து தச்சு, மிச்ச தோல வெட்டி எடுத்துட்டு, தொப்புளுக்கு புதுசா ஒரு ஓட்டை போட்டு வெளிய எடுத்து தைப்போம். அவ்ளோ பெரிய இடம் மறுபடி ஒட்டுற வரைக்கும் உள்ள நீர் ஊறத்தான் செய்யும், அதுக்குத்தான் நீர வெளிய வடிக்கிற டியூபும் வயித்த இறுக்கி கட்டுற பெல்ட்டும். டியூப் எடுத்த பிறகும் ஊறுனா உறிஞ்சி எடுக்கணும், கண்டுக்காம விட்டா சுத்தி ஒரு பை மாதிரி சவ்வு கட்டிடும், அப்புறம் அத வெட்டித்தான் எடுக்கணும். டீச்சருக்கு மொத்தம் 3 தடவ உறிஞ்சினேன், ஒவ்வொரு தடவையும் அளவு குறைஞ்சு வத்திருச்சு. அவங்க அது வரைக்கும் அத கொழுப்புன்னு நினைச்சு ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திருக்காங்க, தையல் ஆறுறதுக்கு புரோட்டீன் வேணுங்கிற நேரத்துல பட்டினி, அத கேட்டப்ப எனக்கு மனசே ஆறல.

அடுத்து டைம். 6 வாரத்துல கண்ணாடி முன்னாடி நின்னு அழாதீங்க. அடிவயித்துல குறுக்க வெட்டுறதால நிணநீர் இறங்குற வழி அறுபட்டுருது, அதனால காலைல தட்டையா இருக்குற வயிறு சாயங்காலம் வீங்கும், உப்பு தூக்கலா சாப்பிட்டா இன்னும் வீங்கும். பெருவாரியான வீக்கம் 3 மாசத்துல வடியும், மிச்சம் வடிய 6 மாசம், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். தழும்பு இன்னும் லேட், ரெண்டு மூணு மாசத்துல சிவந்து தடிச்சு அரிக்குறதுதான் அதோட இயல்பு, மங்கி மெலிசாக 12ல இருந்து 18 மாசம் ஆகும். நம்ம தோலுக்கு கருக்குறதும் தடிக்குறதும் கொஞ்சம் அதிகம், அதனால புண்ணு முழுசா மூடினதும் சிலிக்கான் ஷீட் இல்லன்னா ஜெல்ல ஆரம்பிச்சு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல 3 மாசமாவது விடாம போடுங்க, பத்து நாள் போட்டுட்டு கேக்கலன்னு விட்டுடாதீங்க. அப்படியும் தடிச்சுக்கிட்டே போனா, தழும்ப தாண்டி பக்கத்துல பரவுனா, அது கெலாய்டா இருக்கலாம், அதுக்கு தழும்புக்குள்ள ஸ்டீராய்டு ஊசி 4 - 6 வாரத்துக்கு ஒரு தடவ போடணும். வெறுமனே வெட்டி எடுத்தா முன்ன விட பெருசா வரும், இத யாராவது சும்மா வெட்டித் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

முக்கியமா ஒண்ணு, ஆபரேஷனுக்கு அப்புறம் தொப்புளுக்கு கீழ மரத்துப்போன இடத்துல வெந்நீர் பை வச்சு ஒத்தடம் கொடுக்கவே கொடுக்காதீங்க. வீக்கம் இறங்கட்டும்னு பாசத்துல அம்மா வச்சு விட்டு, சூடு தெரியாம கொப்புளம் வெடிச்சு வந்தவங்கள பாத்திருக்கேன். சூடு கொடுத்து கொழுப்ப கரைக்கிற மிஷினுங்களும் அதே கதைதான்.

இப்ப மேல் வயித்து உப்பலுக்கு வருவோம், ஏன்னா "காசு கொடுத்தும் தொப்பை போகல"ன்னு வர்றவங்க பெரும்பாலும் இததான் காட்டுறாங்க. கட்டில்ல மல்லாக்க படுங்க. படுத்தும் வயிறு பானை மாதிரி விலா எலும்புக்கு மேல நின்னா அது தோலுக்கு கீழ இருக்குற கொழுப்பு இல்ல, தசைக்கு உள்ள குடல சுத்தி இருக்குற கொழுப்பு. எந்த டம்மி டக்கும் எந்த லைபோசக்ஷனும் (குழாய் விட்டு கொழுப்ப உறிஞ்சி எடுக்குறது) அத தொடாது, அது சாப்பாட்டுலயும் நடையிலயும்தான் குறையும், உண்மைய சொன்னா அப்படிப்பட்டவங்களுக்கு இந்த ஆபரேஷன்ல என்ன கிடைக்கும் என்ன கிடைக்காதுன்னு முன்னாடியே சொல்லிருக்கணும், சொல்லாம விட்டது எங்க பக்க தப்பு. படுத்தா குழியுது ஆனா கையில பிடிச்சா தடிமனா வருதுன்னா தோலுக்கு கீழ இருக்குற கொழுப்பு, அத பின்னாடி லைபோசக்ஷன்ல குறைக்கலாம். தலைய மட்டும் லேசா தூக்கும்போது நடு வயித்துல கூரை மாதிரி மேடு எழும்புனா தசை தையல் விட்டுருக்கலாம், இல்ல தசைய தைக்காமலே தோல மட்டும் எடுத்துருக்கலாம். இருமும்போது ஒரே இடத்துல முண்டி வந்தா ஹெர்னியா இருக்கான்னு பாக்கணும், சிசேரியன் ஆனவங்களுக்கு இத கண்டுபிடிக்காம விட்டுடுறது உண்டு. அழகுக்கான ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பொதுவா பணம் தராது, ஹெர்னியான்னா பாலிசிய எடுத்து பாருங்க.

இந்த காத்திருக்குற கணக்கெல்லாம் அவசரத்துக்கு பொருந்தாது. ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்கு போங்க, கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி நுரையீரலுக்கு போய் உயிரையே எடுத்துடும். காய்ச்சலோட வயிறு சிவந்து கொதிச்சாலும், சீழ் வந்தாலும், தழும்போட நடுப்பகுதில தோல் கருத்துக்கிட்டே வந்தாலும் அன்னைக்கே காட்டுங்க. சிகரெட் பழக்கமும் கட்டுப்படாத சுகரும் இருக்குறவங்களுக்கு இப்படி தோல் கருக்குறது அதிகம்.

சரி, ஒரு வருஷம் ஆகியும் திருப்தி இல்ல, என்ன பண்றது? முதல்ல ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே போங்கன்னுதான் நான் சொல்வேன். கோவம் இருக்கும், எனக்கு புரியுது, ஆனா உள்ள எந்த ரத்தக்குழாய் மிச்சம் இருக்கு, தசை எப்படி தச்சிருக்குன்னு அவருக்குத்தான் தெரியும், நிறைய பேர் சின்ன திருத்தத்துக்கு ஃபீஸ் வாங்க மாட்டாங்க, ஆபரேஷன் தியேட்டர் சார்ஜும் மயக்க மருந்து செலவும் மட்டும் வரும், அத முன்னாடியே எழுதி வாங்கிக்கங்க. போகும்போது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, மாசா மாசம் ஒரே இடத்துல ஒரே வெளிச்சத்துல எடுத்த போட்டோ எல்லாம் கொண்டு போங்க, "நல்லா இல்ல டாக்டர்"னு சொல்றத விட "இந்த இடது பக்க மடிப்பு, இந்த தொப்புள்"னு விரல் வச்சு காட்டுங்க.

அவர் கண்டுக்கலன்னா ரெக்கார்ட்ஸ் கேளுங்க. கேட்ட 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு 2002ல வந்த மருத்துவ நெறிமுறை விதிகள்லயே இருக்கு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது, ஆபரேஷன் நோட்ஸும் கேட்டு வாங்குங்க, ரெண்டாவது டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி. அந்த ரெண்டாவது ஆள் எம்சிஹெச் பிளாஸ்டிக் சர்ஜரியோ அதுக்கு சமமான டிஎன்பி பட்டமோ வாங்கினவரான்னு பாருங்க, போர்டுல அழகுக்கலை நிபுணர்னு எழுதியிருக்குறத நம்பி படுத்துடாதீங்க. நினைச்ச அழகு வரலங்கிறது மட்டுமே கவனக்குறைவு ஆகாது, ஆனா நிஜமாவே கவனக்குறைவுன்னா நுகர்வோர் கமிஷனுக்கு போகலாம், காசு வாங்கி பண்ற சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லிருச்சு, 2 வருஷத்துக்குள்ள போகணும்.

டீச்சர நான் அந்த டாக்டர்கிட்டயே லெட்டர் எழுதி அனுப்பினேன். இந்த தடவ வீட்டுக்காரர கூட்டிக்கிட்டு போனாங்க. 9 மாசம் வரைக்கும் காத்திருந்து, அந்த காது மடல் மாதிரி இருந்தத மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு அவரே வெட்டி சரி பண்ணிட்டார், அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாங்க. மேல் வயிறு உப்பல்ல பாதி அப்படியேதான் இருக்கு, அது உள் கொழுப்பு. தொப்புள் ஒரு விரக்கடை இடது பக்கம் ஒதுங்கி இருக்கு, அதையும் சரி பண்ணலாமான்னு போன வாரம் கேட்டாங்க, பண்ணலாம், ஆனா இன்னொரு தழும்பு வரும்னு சொன்னேன். யோசிச்சுட்டு சொல்றேன்னுட்டு போயிருக்காங்க.