செஷன்ஸ் தீர்ப்பு தப்பு என்று தோன்றினால்

கொலை போன்ற பெரிய குற்ற வழக்குகளை விசாரிப்பது செஷன்ஸ் கோர்ட். அங்கே தோற்று, ஐகோர்ட்டில் அப்பீல் போக நினைக்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “ஐகோர்ட்டுல சாட்சியை எல்லாம் மறுபடி கூண்டுல ஏத்துவாங்கல்ல?” என்பதுதான். ஏற்ற மாட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம், குறுக்கு விசாரணை, ஆவணங்கள், தீர்ப்பு என்று இருக்கும் பதிவுகளை வைத்துத்தான் வக்கீல்கள் வாதாடுவார்கள். புதிதாகச் சாட்சியம் எடுக்க அதிகாரம் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

எந்த ஐகோர்ட்? தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்கு. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்கு. கும்பகோணத்துக்காரர் மதுரைக்குக் கிளம்ப, கொஞ்ச தூரம் தள்ளியுள்ள குடவாசல்காரர் சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

தண்டனையை எதிர்த்துப் போனால், ஐகோர்ட் சாட்சியத்தை முழுவதுமாகத் தானே எடைபோடும். நியாயமான சந்தேகம் எழுந்தால் விடுதலை. விடுதலையை எதிர்த்துப் போனால் கதை வேறு. அதே சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுக்கு வர முடியும் என்றால், கீழ்க்கோர்ட் எடுத்த முடிவில் கைவைக்கக் கூடாது. 2007-ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ‘நானாக இருந்தால் தண்டித்திருப்பேன்’ என்று நீதிபதிக்குத் தோன்றுவது போதாது.

ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, இருந்த காலத்தில் இன்னும் இறுக்கம். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஜூரி முடிவை எதிர்ப்பவர் பொதுவாகச் சட்டப் பிழையை மட்டுமே எழுப்ப முடியும். ஆனால் முடிவு அடியோடு நியாயமற்றது என்று செஷன்ஸ் நீதிபதிக்கே பட்டால், அவர் வழக்கை ஐகோர்ட்டுக்கு அனுப்பலாம். 1959-ல் கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று ஜூரி ‘குற்றவாளி இல்லை’ என்றது. நீதிபதி ஏற்கவில்லை, பம்பாய் ஐகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. பிறகு வந்த 1973 சட்டத்தில் ஜூரிக்கே இடமில்லாமல் போனது.

சரி, இப்போது நடைமுறை. தண்டனை பெற்றவர் ஐகோர்ட்டுக்குப் போக 60 நாள் (மரண தண்டனை என்றால் 30). தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள் இதில் சேராது. தண்டனை பெற்றவருக்கு நகல் இலவசம். அப்பீல் போட்டதுமே வெளியே வந்துவிட முடியாது. தண்டனையை நிறுத்திவைக்கத் தனியே மனுப் போட வேண்டும். பாதிக்கப்பட்டவரும் விடுதலையை எதிர்க்கலாம், நஷ்டஈடு குறைவு என்றும் போகலாம். தண்டனை குறைவு என்று மட்டும் போக முடியாது.

சிறையில் இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலே போதும், அவர் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். காவலில் உள்ளவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வீட்டார் இலவசச் சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.