பாட்டில் குரல் மட்டும் காணாமல் போனால்

ஒரு பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் நடனமாட மேடையேறிவிட்டார்கள். தாளம் முழங்குகிறது, பாடகியின் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எங்கோ கேட்கிறது. ஆசிரியை பதறிப்போய் இரண்டு முறை பாட்டை மாற்றிப் பார்த்தார். பாட்டில் எந்தக் குறையும் இல்லை. லேப்டாப்பையும் பவர்டு ஸ்பீக்கரையும் (ஆம்ப்ளிபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) இணைத்த வயர்தான் குரலை விழுங்கியிருந்தது.

ஒலியமைப்பு வேலையில் இந்தச் சிக்கலை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். லேப்டாப்பில் செருகும் பின்னின் நுனியில் இடது ஒலி, வளையத்தில் வலது ஒலி, அடியில் எர்த். ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட்டிலும் இதே மூன்று பகுதிகள்தான். ஆனால் அங்கே நுனிக்கு ஓர் ஒலியும் வளையத்துக்கு அதே ஒலியின் தலைகீழ் வடிவமும் வர வேண்டும். நீண்ட வயரில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை நீக்குவதற்காக, நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதை ஸ்பீக்கர் கழித்துவிடும். பாட்டில் குரல் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும். சமமான இரண்டைக் கழித்தால் என்ன மிஞ்சும்? குரல் போய், அதன் எதிரொலியும் ஓரத்துக் கருவிகளும்தான் நிற்கும்.

இதற்குப் பலர் கண்டுபிடிக்கும் வழி இன்னும் மோசமானது. இடது, வலது வயர்களை ஒன்றாக முறுக்கி ஈயம் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஹெட்போன் வெளியீட்டின் உள்தடை பெரும்பாலும் சில ஓம்கள்தான். இடது ஏறும் நேரத்தில் வலது இறங்கினால் ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றுக்குள் பாயும். ஒலி பிசிறும், உள்ளே இருக்கும் சிப் வீணாகச் சூடேறும். இப்படி இரண்டு கிளைகள் ஒன்றாகச் சேரும் ஒய் (Y) வயர் ஓர் ஒலியை இரண்டாகப் பிரிப்பதற்கு உரியது, இரண்டை ஒன்றாக்குவதற்கு அல்ல.

ஒன்றாக்க வேண்டுமென்றால் இடதில் ஒன்றும் வலதில் ஒன்றுமாக 470 ஓம் ரெசிஸ்டர்கள் போதும். அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து ஸ்பீக்கர் பின்னின் நுனியில் பற்றவையுங்கள். வளையத்தை எர்த்தோடு இணைத்துவிடுங்கள். இன்புட்டின் தடை 10,000 ஓம் அளவில் இருந்தால் குரலின் அளவு குறைவது காதுக்கே தெரியாது. சில ரூபாய்ச் செலவுதான். மிக்சர் (பல ஒலிகளைக் கலக்கும் கருவி) இருந்தால் இதுவும் வேண்டாம், இடதையும் வலதையும் தனித்தனிச் சேனல்களில் கொடுத்துவிடலாம்.

அந்தப் பள்ளி விழாவன்று என் பையில் ரெசிஸ்டர் இல்லை. ஸ்பீக்கர் பக்கப் பின்னைத் திறந்து வலது வயரைத் துண்டித்தேன். வளையத்தை எர்த்தில் சேர்த்துவிட்டு, லேப்டாப்பில் இடதையும் வலதையும் கலந்து இரு பக்கமும் ஒரே ஒலியாக அனுப்பும் 'மோனோ ஆடியோ' அமைப்பை ஆன் செய்தேன். இடதிலேயே முழுப் பாட்டும் வந்தது. வயரைத் தொடாமல் அந்த அமைப்பை மட்டும் மாற்றியிருந்தால் குரலோடு தாளமும் சேர்ந்து அடங்கியிருக்கும்.

ரெசிஸ்டர் வழி லைன், ஹெட்போன் வெளியீடுகளுக்கு மட்டுமே. பவர் ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கர் முனைகளை எந்த விதத்திலும் ஒன்றாக இணைக்காதீர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் கருகிய ஆம்ப்ளிபையர்கள் இந்தக் காரணத்தால் என் மேசைக்கு வந்திருக்கின்றன.