"அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்பதற்கு முன்

மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரை முதலில் நான் கவனிக்கவில்லை. அப்பாவின் பிரஷர் மாத்திரைச் சீட்டோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் அம்மாவின் கையை இழுத்து ஏதோ கிசுகிசுத்த பிறகுதான் நிமிர்ந்தேன். உள்ளூர்ப் பெண்கள் கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர்! மைதானத்தில் எத்தனையோ முறை அவருக்காகக் கத்தியிருக்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தது அன்றுதான். (அவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நான் பிசியோதெரபிஸ்ட். தினமும் பார்ப்பது முழங்கால்களைத்தான். ஆனாலும் என் வாயில் முதலில் வந்தது, "அடுத்த மேட்ச் எப்போ?"

"அடுத்த மாசம் இறங்கிடுவேன் அக்கா" என்று சிரித்தார். எனக்கு முன்பே மூன்று பேருக்கு அதே சிரிப்போடு அதே பதிலைச் சொல்லியிருந்தார்.

அவர் வாங்கியது ஓர் அட்டை வலி மாத்திரை, ஒரு டியூப் ஜெல். வெளியே மூன்று படிகள். வலது காலைக் கீழே வைத்து, இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, பிறகுதான் அடுத்த படிக்குப் போனார். உடம்பின் எடையை ஒவ்வொரு முறையும் இடது முழங்காலே தாங்கியது. கை கம்பியை விடவில்லை.

பின்னாலேயே போய் நான் யாரென்று சொல்லி, "கால் பத்திக் கேட்கலாமா?" என்றேன். வலது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்துவைத்திருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்து ஐந்து மாதம். வலி பெரும்பாலும் போய்விட்டது, பயிற்சி முடிந்தால் மட்டும் வீங்குகிறதாம். அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வலி குறைவதும் ஜவ்வு வலுப்பெறுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்துப் பொருத்தும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), முதல் சில மாதங்களில் வலு குறைந்து, பிறகே மெல்ல மெல்ல ஜவ்வாக மாறுகிறது. அது முதிர ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். நோயாளிக்கோ மூன்று, நான்கு மாதத்திலேயே கால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். போதாக்குறைக்கு, ஆபரேஷன் செய்த காலின் தொடைத்தசை சூம்பிப் போயிருக்கும். ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது முழங்காலைக் காப்பாற்ற வேண்டியது அந்தத் தசைதான்.

ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றி 2016இல் வெளியான டெலவேர்-ஓஸ்லோ ஆய்வில், களத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்டபோது, தள்ளிய ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதாது. தசை வலுவிலும் ஒற்றைக் காலில் தாவும் தூரத்திலும் அந்தக் கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

அவரது காயம் வேறு வகைதான், ஆனாலும் பிரேசிலின் ரொனால்டோவை நினைத்துக்கொண்டேன். 1999 நவம்பரில் முழங்கால் தசைநாண் கிழிந்து ஆபரேஷன் ஆனது. 2000 ஏப்ரலில் திரும்பி வந்தவர் சில நிமிடங்கள்தான் ஆடினார். தசைநாண் முழுதாக அறுந்துபோனது. அடுத்த முறை ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து திரும்பினார். 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல், அதில் இரண்டு இறுதிப் போட்டியில்.

அப்புறம் அந்த மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரலாம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகமும் அடிவாங்கும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, வீங்கிய முழங்கால் "இன்றைக்கு இது போதும்" என்று சொல்வதை அந்த மாத்திரை கேட்கவிடாமல் செய்கிறது.

"டாக்டர் அடுத்த மாசம் ஆடலாம்னு சொன்னாரா?" என்று கேட்டேன். இல்லையாம். "இன்னும் நாளாகும்னு சொன்னா எல்லார் முகமும் வாடிடுது அக்கா. அதனால அடுத்த மாசம்னு சொல்லிடுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது தேதி மாதிரி ஆயிடுச்சு."

அந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்பில்தான் கேட்டேன், எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் காயம்பட்டவர் எதிரில் வந்தால் "கால் எப்படி இருக்கு?" என்று கேட்கலாமே. "இன்னும் நாளாகும்" என்றால், "மெதுவா வாங்க, நாங்க இருக்கோம்" என்று முகம் வாடாமல் சொல்லலாமே.

தன் டாக்டரைப் பார்த்து மாத்திரையை நிறுத்தி, வீக்கமும் வடிந்த பிறகு கிளினிக்குக்கு வந்தார். தரையில் டேப்பை ஒட்டி ஒற்றைக் காலில் தாவச் சொன்னேன். இடது கால் 142 செ.மீ. வலது கால் 98. அதாவது 69 சதவீதம். டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், போனை எடுத்து அதைப் படம் பிடித்தார்.

"கோச்சுக்கு அனுப்பிடறேன் அக்கா. இனிமே தேதி கேட்டா இதைக் காட்டிக்கறேன்."