காய்ச்சல் நாட்களில் வரும் பாரிசவாதம்

தடிமனும் காய்ச்சலுமாகக் கிடக்கும் முதியவரின் வாய் ஒரு பக்கம் கோணினாலும், கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவினாலும், அதைக் காய்ச்சல் களைப்பென்று எண்ணிப் பனடோல் கொடுத்துப் படுக்கவைத்ததாக கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் குடும்பங்கள் என்னிடம் சொல்வதுண்டு. காய்ச்சல் உடம்பு முழுவதையும் சோரச் செய்யும்; மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ மூளையில் குருதி கசிவதாலோ வரும் பாரிசவாதமோ பெரும்பாலும் ஒரு பக்கத்தைச் சட்டென்று செயலிழக்கச் செய்யும், அல்லது பேச்சைக் குழறச் செய்யும்.

இன்புளுவன்சா, கொவிட் போன்ற தொற்றுகளின் பாதிப்பு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. தொற்றை எதிர்த்து எழும் அழற்சி குருதிக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்த, குருதி உறைய உதவும் புரதமான பைபிரினோஜனை ஈரல் மிகையாகச் சுரக்க, குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) எளிதில் ஒட்டிக்கொள்ள, ஏற்கெனவே கொழுப்புப் படிந்த நாடியில் உறைகட்டி உருவாக வழி பிறக்கிறது. சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து, இதயத்துக்குள் உறையும் கட்டி மூளைக்குச் சென்றுவிடுகிறது. பிரித்தானிய மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்வொன்றில், சுவாசத் தொற்றின் முதல் 3 நாட்களில் பாரிசவாத ஆபத்து ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. பின்வந்த வாரங்களில் அது படிப்படியாகக் குறைந்தது. இளையோருக்கு வராது என்பதற்கும் உறுதியில்லை: 2020 இல் நியூயோர்க்கில் கொவிட் தொற்றிய 50 வயதுக்குக் குறைந்த சிலருக்கு மூளையின் பெரிய நாடிகளே அடைபட்டன.

இதை வாசித்துவிட்டு எவரும், உறைகட்டியைத் தடுக்குமென்று தாமாக அஸ்பிரின் போடத் தொடங்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கையும் நினைக்கவேண்டும். டெங்கில் சிறுதட்டுகள் குறைவதால் அஸ்பிரினும் டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற வலிநிவாரணிகளும் குருதிப்பெருக்கை உண்டாக்கலாம். மறுபுறம், இதயநோய்க்காகவோ முன்பு வந்த பாரிசவாதத்துக்காகவோ கிளினிக்கில் கொடுத்த குளிசையைக் காய்ச்சலென்று தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. தொடர்வதா நிறுத்துவதா என்பதைக் குருதிப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும்.

முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் சுவசெரிய இலவச அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணித்தியாலத்துக்குள்தான் ஏற்றமுடியும். அதற்கு முன் மூளையில் குருதிக்கசிவு இல்லையென்பதைச் சீ.ரி. ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யவும் வேண்டும். ஆகவே நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவர் எடுக்கும் குளிசைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கலாம் என்பதால் தண்ணீரோ குளிசையோ வாய்வழி கொடுக்கவேண்டாம்.